புகையை விட்ட வாரங்களில் வரும் மனச்சோர்வும் நிகோட்டின் மாற்றுகளும்

புகைபிடிப்பதை நிறுத்த முனைவோர் பசி, எரிச்சல், தூக்கக் கேடு ஆகியவற்றை ஓரளவு எதிர்பார்த்தே இறங்குகிறார்கள். ஆனால் இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ குறிப்பிட்ட காரணம் எதுவுமின்றி வந்து கவியும் மனச்சோர்வைப் பற்றி அவர்களிடம் முன்கூட்டிச் சொல்பவர்கள் அரிது. நிகோட்டின் சூயிங்கம் மென்றுகொண்டோ பேட்ச் ஒட்டிக்கொண்டோ இருப்பவர்களுக்கும் அது வருவதால், மருந்து பலிக்கவில்லை என்று சிலரும், சிகரெட் இல்லாத வாழ்க்கையே இப்படித்தான் இருக்கும்போலும் என்று வேறு சிலரும் முடிவுகட்டி, மறுவாரமே பெட்டிக்கடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு முடிவுகளுமே அவசர முடிவுகள். விட்டவர்களின் அனுபவத்தை மருத்துவ ஆய்வுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது, இந்தச் சோர்வில் பெரும்பகுதி மருந்தின் அளவையும் கடக்க வேண்டிய காலத்தையும் பொறுத்தது என்பது தெளிவாகிறது.

புகையாக உள்ளிழுக்கப்படும் நிகோட்டின் 10 முதல் 20 வினாடிகளில் மூளையை எட்டி, அங்குள்ள ஏற்பிகளில், அதாவது வேதிச் செய்திகளைப் பெற்றுக்கொள்ளும் புரத அமைப்புகளில், பொருந்திக்கொண்டு, மனநிறைவோடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால், அடுத்த சிகரெட் தரும் ஆறுதல் பெரும்பாலும் முந்தைய சிகரெட் விட்டுச்சென்ற குறையை ஈடுசெய்வதாகவே அமைகிறது. நெடுநாள் புகைத்தவரின் மூளையில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடியிருக்கும். அது பழைய நிலைக்கு இறங்கப் பல வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் தோன்றும் உடல், மனத் தொல்லைகளையே விலகல் அறிகுறிகள் என்று மருத்துவம் அழைக்கிறது. மனச்சோர்வும் அவற்றுள் ஒன்று. முதல் வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலோரிடம் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் அது தணிகிறது.

அப்படியானால், நிகோட்டினையே வேறு வழியில் கொடுக்கும்போது சோர்வு ஏன் முழுமையாக நீங்குவதில்லை என்ற கேள்வி எழுகிறது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத சுவீடன் நாட்டு மாலுமிகள் புகையிலையை வாயில் அடக்கிச் சமாளித்ததைக் கவனித்த லுண்ட் நகர உடலியலாளர் கிளாஸ் லுண்ட்கிரேன், 1967ஆம் ஆண்டு ஓவே ஃபெர்னோ என்னும் மருந்து வேதியியலாளருக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்த நிகோட்டின் சூயிங்கம், 1978இல் சுவிட்சர்லாந்தில் முதன்முதலாக அனுமதி பெற்றது. வேலை நேரம் முழுவதும் மாலுமியைத் தாக்குப்பிடிக்க வைப்பதே அதன் பின்னிருந்த எண்ணம். சிகரெட் தரும் திடீர் எழுச்சியைத் தருவது அதன் நோக்கமன்று. சூயிங்கத்தின் நிகோட்டின் உச்ச அளவை அடைய அரை மணி நேரம் வரையும், பேட்ச்சின் நிகோட்டினுக்குச் சில மணி நேரமும் ஆகும். இதனோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. மனநிலையைத் தாங்கும் டோபமைன் போன்ற பொருள்களைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்னும் நொதியைப் புகையிலுள்ள வேறு சில பொருள்கள் அடக்கிவைக்கின்றன; நிகோட்டின் மட்டுமே உள்ள மாற்று மருந்து அந்த வேலையைச் செய்வதில்லை. ஆகவே மாற்று மருந்து புகைக்கும் வெறியைத் தணிக்கும், வாட்டத்தைக் குறைக்கும், முற்றிலும் துடைத்துவிடாது. இதை முதலிலேயே அறிந்து தொடங்குபவர் ஏமாற்றமடைவதில்லை.

நடைமுறையில் மிகுதியாகக் காணப்படும் குறை, மருந்தைப் போதிய அளவு எடுத்துக்கொள்ளாமைதான். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டையோ பீடியையோ பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம் சூயிங்கமும், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராமும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன; இந்தியாவில் 2 மில்லிகிராம் வகை மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கும். முதல் ஆறு வாரங்களில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்ற ஒழுங்கில் அதை எடுக்க வேண்டியிருக்க, தாங்கவே முடியாதபோது மட்டும் ஒன்று என்று சிக்கனம் பிடிப்பவரே நம்மிடையே அதிகம். அதை மெல்லும் முறையும் பலருக்குத் தெரிவதில்லை. சாதாரண மிட்டாய்க் கம் போல் விடாமல் மென்றால் நிகோட்டின் உமிழ்நீரோடு வயிற்றுக்குள் இறங்கி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வருமே தவிர, இரத்தத்தில் போதிய அளவு சேராது. காரமான சுவையோ சுருக்கென்ற உணர்வோ தோன்றும்வரை மெதுவாகச் சில தடவை மென்று, பின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவைத்து, அந்தச் சுருக்கு அடங்கியதும் மீண்டும் மென்று, வேறோர் இடத்தில் ஒதுக்குவது என்று அரை மணி நேரம் தொடர வேண்டும். காபி, பழச்சாறு போன்ற அமிலத்தன்மை உள்ளவை நிகோட்டின் வாய்வழி உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால், மெல்லுவதற்கு முந்தைய கால் மணி நேரமும் மெல்லும்போதும் அவற்றைத் தவிர்ப்பது அவசியம். நாள் முழுதும் சீரான அளவைத் தரும் பேட்ச்சோடு, வெறி எழும்போது சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடக் கூடுதல் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இதய நோய் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும்.

காலை நேரச் சோர்வுக்குத் தனிக் காரணம் உண்டு. இரவில் பேட்ச்சைக் கழற்றிவிட்டு உறங்குபவரின் உடலில் விடியும்போது நிகோட்டின் மிகக் குறைவாக இருக்கும்; புதிய பேட்ச் வேலை செய்யத் தொடங்கவும் நேரம் பிடிக்கும். எழுந்தவுடன், காபிக்கு முன்பாகவே, ஒரு சூயிங்கத்தைப் பயன்படுத்துவது இந்தப் பள்ளத்தைக் கடக்க உதவுவதாக விட்டவர்கள் பலர் கண்டிருக்கிறார்கள். இரவிலும் ஒட்டியிருந்தால் தெளிவான, சில வேளை அச்சமூட்டும் கனவுகள் வரக்கூடும். அப்படி வந்தால் படுக்குமுன் கழற்றிவிடலாம்.

காபியைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். புகையிலுள்ள சில வேதிப்பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, காஃபீனை விரைவாகச் சிதைக்கச் செய்கின்றன; புகை நின்றதும் அந்தத் தூண்டுதலும் நின்றுவிடுவதால், அதே அளவு காபி இரத்தத்தில் முன்னைவிட அதிகக் காஃபீனாகத் தங்குகிறது. இத்தூண்டலுக்குக் காரணம் நிகோட்டின் அல்லாததால், பேட்ச் ஒட்டியிருப்பவருக்கும் இது நேரும். படபடப்பு, கை நடுக்கம், தூங்க முடியாமை, மறுநாள் வாட்டம் என்று வரிசையாக வருபவற்றுள் கணிசமான பங்கு, புகையை விட்டதால் அன்றி, நான்காவது டம்ளர் டிகிரி காபியால் வருவது. அளவைப் பாதியாக்கிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

உடலியல் ஒருபுறம் இருக்க, சோர்வின் மறுபாதி காலியாகிப்போன நேரத்தில் இருக்கிறது. தமிழகத்து அலுவலகங்களிலும் பட்டறைகளிலும் பத்து நிமிடம் வெளியே சென்று வருவதற்கு யாரும் கேள்வி கேட்காத ஒரே காரணம் நெடுங்காலமாகத் தம் அடிப்பதாகவே இருந்துவருகிறது. தேநீர்க் கடையின் தூணில் நுனி கனன்றபடி தொங்கும் கயிறு, அதில் பற்றவைத்துக்கொண்டு பெஞ்சில் இடம் பிடிப்பது, சில்லறைக்காகக் கடைக்காரரோடு நிகழும் சிறு வாக்குவாதம், பக்கத்தில் நிற்பவரோடு இரண்டு வார்த்தை அரசியல் என்று அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஒரு முழுச் சமூக வாழ்க்கை அடங்கியிருக்கிறது. சிகரெட்டோடு அதையும் சேர்த்துத் துறப்பவர், துறவின் பலனை அடையாமல் தனிமையை மட்டும் அடைகிறார். இடைவேளையை விட்டுவிடாமல், சிகரெட்டை மட்டும் விடுவதே அறிவுடைமை: அதே நேரத்தில் எழுந்து, முதல் சில வாரங்களுக்கு மட்டும் வேறு தெரு வழியாகப் பத்து நிமிடம் நடந்து வருவது நல்லது; குறுகிய நடை வெறியைத் தற்காலிகமாகத் தணிப்பது ஆய்வுகளிலும் உறுதியாகியுள்ளது.

வீட்டுக்குத் தெரியாமல் புகைத்தவர்களின் நிலை இன்னும் கடினமானது. பழக்கத்தை மறைத்தவர் அதை விட்ட துயரத்தையும் மறைக்க நேர்கிறது. சாப்பாட்டில் உப்புக் குறைந்ததற்காகச் சீறி விழுபவருக்கு என்ன ஆயிற்று என்று வீட்டாருக்கும் விளங்குவதில்லை. மனைவியிடமோ அண்ணனிடமோ ஒருவரிடமாவது விவரத்தைச் சொல்லி, ஒரு மாதம் முகம் இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிவித்துவிடுவது, எந்த மருந்தும் தர முடியாத ஓர் இளைப்பாறலைத் தருகிறது. அந்த மாதத்தில் வேலையை விடுவது, பழைய சண்டையைத் தீர்க்கப் புறப்படுவது போன்ற பெரிய முடிவுகளைத் தள்ளிவைப்பதும் நல்லது. இடையில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால், அதைக் காரணம் காட்டி மீதிப் பேட்ச்சுகளைத் தூக்கியெறிவதுதான் உண்மையான தோல்வி. மருந்தைத் தொடர்ந்துகொண்டே மறுபடி நிறுத்தலாம். சற்றுத் தெளிந்ததும் அளவை மளமளவென்று குறைப்பவர்களுக்குச் சோர்வு திரும்புகிறது. வழக்கமான 8 முதல் 12 வாரக் காலத்தை முழுமையாக முடிப்பதே முறை.

விலகல் சோர்வுக்கும் மனச்சோர்வு நோய்க்கும் வேறுபாடு உண்டு. முன்னது அலைபோல் வந்து போகும், வாரந்தோறும் இளைக்கும். இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நேரமும் மனம் தாழ்ந்தே கிடந்தாலோ, எதிலும் விருப்பமற்றுப் போனாலோ, சாவைப் பற்றிய எண்ணம் ஒருமுறை தோன்றினாலோ, அது மருத்துவரிடம் செல்ல வேண்டிய நிலை. முன்பு மனச்சோர்வு நோய் இருந்தவர்களும், குளோசபின், ஒலான்சபின் ஆகிய மருந்துகளை உட்கொள்பவர்களும் நிறுத்துவதற்கு முன்பே தம் மனநல மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்; புகை நின்றதும் இம்மருந்துகளின் இரத்த அளவு, காஃபீனைப் போலவே, உயரக்கூடும். இந்த எச்சரிக்கையைப் புகையைத் தொடர்வதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளலாகாது. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட பகுப்பாய்வில், புகையை விட்டவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும், தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிடுகையில், குறைந்திருந்தன. மனநோய் உள்ளவர்களிடமும் அதே போக்கு காணப்பட்டது.

சிகரெட் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணிலும், டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416இலும் தமிழில் பேசலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.