ரிசைன் லெட்டரைக் கடைசியாக எழுதுங்கள்

ஐ.டி.யிலோ பேங்க்கிலோ பத்து வருஷம் ஓடியாகிவிட்டது. இப்போது டாக்டர் ஆகவேண்டும் என்ற பழைய ஆசை திரும்பவும் தலைதூக்குகிறது. முடியுமா? சட்டப்படி முடியும். நீட் எழுத 25 வயது, இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 30 என்றிருந்த வரம்பு கோர்ட் வரை போய், 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையத்தால் நீக்கப்பட்டது. இன்று மேல் வயது வரம்பே கிடையாது.

உதாரணங்களும் இருக்கின்றன. தென்காசியைச் சேர்ந்த 49 வயது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் 2025-ல் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றார். அதே வருஷம் மகளும் நீட் எழுதினார்; மகளின் புத்தகங்கள்தான் அம்மாவுக்கும். ஒடிசாவில் ஸ்டேட் பேங்க்கில் ரிட்டயர் ஆன அதிகாரி 2020-ல் 64 வயதில் புர்லா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படித்து உற்சாகப்படுங்கள். ஆனால் முன்னவருக்குக் கிடைத்தது மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டு இடம்; அவர் மார்க் உங்கள் கட்-ஆஃப் ஆகாது. பின்னவர் வேலைக்காலத்தை முழுசாக முடித்துவிட்டு வந்தவர். உங்களுக்கு நடுவயதுச் சம்பளமும் இ.எம்.ஐ.யும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் கணக்கு வேறு.

1. முதலில் தகுதியைப் பாருங்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்து இன்ஜினியரிங் போனவர்கள் இங்கேயே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். தேவையில்லை. பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்று 2023 நவம்பரில் ஆணையம் சொல்லிவிட்டது. தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்தப் பாடத்தை முடிக்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவரா? 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டு விதிகளையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

2. வயதைப் பேப்பரில் எழுதிப் பாருங்கள். இன்று 33. இரண்டு அட்டெம்ப்ட் என்று வைத்தால் சேரும்போது 35. நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் சி.ஆர்.ஆர்.ஐ. என்ற கட்டாயப் பயிற்சி: நாற்பதைத் தாண்டிவிடும். எம்.டி. மூன்று வருஷம் என்றால் 45-ஐ நெருங்குவீர்கள். அதற்குப் பிறகும் இருபது வருஷ பிராக்டீஸ் இருக்கிறது. என்னைக் கேட்டால், அது போதும். ஆனால் அரசு டாக்டர் வேலைதான் குறி என்றால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) நோட்டிபிகேஷனில் உங்கள் பிரிவுக்கான வயது விதியை இன்றே பாருங்கள்.

'சின்னப் பையன் இடத்தைப் பிடுங்குகிறாயே' என்று வீட்டிலேயே கேட்பார்கள். தர்மபுரியைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் 2022 கவுன்சலிங் வரை வந்து, இளைஞர் ஒருவருக்குப் போகட்டும் என்று தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். அந்த வயதில் அது பெரிய மனசு. 35 வயதில் உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ரேங்க் எடுத்தவருக்கு இடம். குற்ற உணர்ச்சி வேண்டாம்.

3. பணம். பார்ட் டைம் எம்.பி.பி.எஸ். என்று ஒன்று கிடையாது. தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீத அட்டெண்டன்ஸ் வேண்டும். ஆகவே சம்பளம் நிற்கும். குடும்பச் செலவு மாதம் 40,000 என்றால் 66 மாதத்துக்கு 26.4 லட்சம், விலைவாசி ஏற்றம் இதில் சேரவில்லை. கடைசி பன்னிரண்டு மாதம் ஸ்டைபெண்ட் கொஞ்சம் தாங்கும். அரசுக் கல்லூரிக் கட்டணம் ஆயிரங்களில் முடியும். தனியார் மேனேஜ்மென்ட் கோட்டா லட்சங்களில் போகும்; இந்த வயதில் அந்தக் கடனை வாங்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. இன்னொன்று பலருக்கு நினைவே வராது: ஆபீஸ் குரூப் மெடிக்ளைம் வேலையோடு போய்விடும். அப்பா, அம்மா பெயரில் தனி பாலிசியை இப்போதே எடுங்கள், வெயிட்டிங் பீரியட் வேலையில் இருக்கும்போதே கழியட்டும்.

வருமானத்தை உடனே வெட்டாமல் படிக்க நினைப்பவர்களுக்கு நல்ல முன்னோடி ஆல்பர்ட் ஷ்வைட்சர். இறையியல் ஆசிரியர், ஆர்கன் இசைக் கலைஞர். 1905-ல், முப்பது வயதில் மருத்துவம் படிக்கத் தொடங்கினார். வகுப்பு எடுப்பதையும் கச்சேரி செய்வதையும் விடவில்லை. 1913-ல்தான் ஆப்பிரிக்காவின் லம்பரேனேக்குக் கப்பல் ஏறினார்.

4. எம்.பி.பி.எஸ்.ஸில் அப்படி முடியாது; ஆனால் நீட் வரைக்கும் வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். 2024-ல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோருக்குப் பள்ளிப் பாடம் இன்னும் சூடாக இருக்கிறது. உங்களுக்கு ஆறிப்போயிருக்கும். 180 கேள்வி, 720 மார்க். அதில் பாதி உயிரியல். இன்ஜினியர் உயிரியலில் சறுக்குவார்: என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வரிவரியாகப் படியுங்கள். பி.ஃபார்ம், நர்சிங், பிசியோ முடித்தவர் இயற்பியலில் சறுக்குவார்: தினமும் கணக்குப் போடுங்கள். தப்பான விடைக்கு ஒரு மார்க் கழியும். குருட்டாம்போக்கில் டிக் அடிக்காதீர்கள்.

மதுரை தல்லாகுளத்துக்காரர்களுக்கு ஒரு வசதி. புது நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்காருங்கள். மாதிரித் தேர்வை மதியம் இரண்டு முதல் ஐந்து வரை எழுதிப் பழகுங்கள். நிஜத் தேர்வும் அந்த நேரத்தில்தான். மதுரை மே மாத மதியத்தில் சாப்பிட்டவுடன் மூளை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

5. உங்களுக்கு வேண்டியது டாக்டர் பட்டமா, மருத்துவ வேலையா? இதை நேர்மையாகக் கேளுங்கள். மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ரிட்டயர் ஆகி, 58 வயதில், 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அவரிடம் அப்போதே பல வருஷ அறுவை சிகிச்சை அனுபவம் இருந்தது. அந்த நிறுவனத்தை வளர்த்தவர்களில் ஒருவரான துளசிராஜ் டாக்டர் இல்லை; ஐ.ஐ.எம். கல்கத்தாவில் மேனேஜ்மென்ட் படித்தவர். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைக் குறைந்த விலையில் தயாரிக்க 1992-ல் ஆரோலேப் வந்தது. அங்கே இன்ஜினியருக்கும் வேலை உண்டு. ஹாஸ்பிட்டல் அட்மினிஸ்ட்ரேஷன், மெடிக்கல் டிவைஸ், ஹெல்த் டேட்டா, எதிலும் உங்கள் பத்து வருஷ அனுபவம் அப்படியே செல்லும். எம்.பி.பி.எஸ்.ஸில் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நோயாளியை நீங்களே தொட்டுப் பார்த்துக் குணப்படுத்த வேண்டும், வேறெதுவும் நிறைவு தராது என்றால் மட்டும் ஆறாவது பாயிண்டுக்கு வாருங்கள்.

6. சேர்ந்த பிறகு நடத்தை. கிளாஸ்மேட்டுக்கு 18 வயது. 'அண்ணே', 'அக்கா' என்பார்கள். ஏற்றுக்கொள்ளுங்கள், அறிவுரை மட்டும் சொல்லாதீர்கள். அசிஸ்டென்ட் புரொபசர் உங்களைவிடச் சின்னவராக இருப்பார். 'சார்', 'மேடம்'தான், பழைய ஆபீஸில் எத்தனை பேர் உங்களுக்கு ரிப்போர்ட் செய்தார்கள் என்பதை அனாடமி ஹாலில் பேசவேண்டாம். முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு அட்டெம்ப்ட்தான். ஒன்பது வருஷத்துக்குள் படிப்பை முடிக்கவேண்டும். இந்த விதிகள் வயதைப் பார்ப்பதில்லை.

மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி மாதிரி பெரிய அரசு மருத்துவமனை வார்டில் நரைத்த தலையோடு கோட் போட்டு நின்றால், மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வந்த பெரியவர் உங்களைத்தான் பெரிய டாக்டர் என்று நினைத்துக் கையைப் பிடிப்பார். உடனே சொல்லுங்கள்: 'நான் ஸ்டூடண்ட்தான்யா, டாக்டரம்மா அங்கே இருக்காங்க.' சொல்லாமல் விட்டால் நோயாளிக்கும் ஆபத்து, உங்கள் பெயருக்கும் ஆபத்து. அதற்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேஸ் ஹிஸ்டரி கேளுங்கள். இளவட்டங்களிடம் வாயைத் திறக்காதவர், குடும்பக் கஷ்டம் தெரிந்த முகத்திடம் பேசுவார். உங்கள் தனி பலம் அதுதான்.

7. நோட்டீஸ் பீரியட். ஐ.டி.யில் 90 நாள் சாதாரணம். கவுன்சலிங்கில் இடம் ஒதுக்கினால் சேர சில நாள்தான் தருவார்கள். ரிசல்ட் வந்து, உங்கள் ரேங்க்குக்கு இடம் உறுதி என்று தெரிந்தவுடன் மேனேஜரிடம் பேசி, பை-அவுட் தொகையை விசாரித்து வையுங்கள். பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஒரிஜினல்களைப் பீரோவிலிருந்து ஏப்ரலிலேயே எடுத்து ஒரு ஃபைலில் போடுங்கள். தொலைந்துபோன ஒரு டி.சி.க்காகப் பழைய பள்ளிக்கூடத்துக்கு நடையாய் நடக்க ஜூலையில் நேரம் இருக்காது. அலாட்மென்ட் ஆர்டர் கைக்கு வந்த அன்று மாலை, ரிசைன் லெட்டரை அனுப்புங்கள்.