தலைவரைத் தேரும் முறையும் நடுவுநிலைமையும்

முன்னுரை

குடியரசுத் தலைவரை நாடாளுமன்ற, சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே தேர்கின்றனர். வாக்கெடுப்புக்கு அரசமைப்பு விதி வகுத்துள்ளது. கட்சி தன் வேட்பாளரை எங்ஙனம் தெரிவு செய்தல் வேண்டும் என்பதற்கோ அதில் விதியில்லை. அவ்விடைவெளி விளைத்ததை 1969ஆம் ஆண்டு நிகழ்ச்சி கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஆவடியும் பெங்களூரும்

1955 சனவரியில் நம் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு, சமதர்ம பாணிச் சமுதாயமே குறிக்கோள் என முழங்கியது. அந்நாளில் சென்னை மாநில முதலமைச்சர் காமராசர். பதினான்கு ஆண்டுகளில் அக்கட்சி வேட்பாளர் தேர்வின்கண் இரண்டுபட்டது.

1969 மே 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன் மறைந்தார். சூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரசு ஆட்சிமன்றக் குழு, பிரதமர் இந்திரா காந்தியின் விருப்பத்திற்கு மாறாக, நீலம் சஞ்சீவ ரெட்டியைப் பெரும்பான்மையால் தேர்ந்தது. காமராசரும் பெரும்பான்மையின் பக்கமே நின்றார். ரெட்டியின் பெயரை முன்மொழிந்த இந்திரா காந்தியே, பின்னர் மனச்சான்றின்படி வாக்களிக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். கட்சித் தலைவர் நிஜலிங்கப்பாவோ, ஜனசங்கம், சுதந்திரா ஆகிய எதிர்க்கட்சிகளின் இரண்டாம் விருப்ப வாக்குகளை நாடினார்.

ஆகஸ்டு 16இல் தேர்தல் நடந்தது. இரண்டாம் விருப்ப வாக்குகளும் எண்ணப்பட்ட பின்னரே, சுயேச்சையாக நின்ற வி.வி.கிரி 4,20,077 வாக்கு மதிப்பு பெற்று வென்றார். ரெட்டி பெற்றது 4,05,427. நவம்பரில் கட்சி பிளவுண்டது.

பிழை எவருடையது? மிகச் சிலரே அடைத்த கதவுக்குள் முடிவு செய்தது ஒரு பிழை. அம்முடிவை ஏற்றதாகக் காட்டிப் பின்னர்க் கைவிட்டது மற்றொரு பிழை. முறையில் ஐயம் இருந்திருப்பின், முடிவுக்கு முன்னரே அதனை எழுப்பியிருத்தல் வேண்டும்.

முன்னோர் காட்டிய நெறி

முதற் பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விளக்குகின்றன. தகுதிகள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டன. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். சபையோர் காண, ஒரு சிறுவன் குடத்திலிருந்து ஓலை எடுத்தான். நிலமற்றோர்க்கும் பெண்டிர்க்கும் அங்கு இடமின்மை அதன் குறையே. ஆயினும் அதன் வெளிப்படைத்தன்மை போற்றற்குரியது.

இசுலாமிய வரலாற்றில், கலீபா உமர் (ரலி) தம் இறுதி நாளில் அறுவர் குழுவை அமைத்தார்கள். தம் மகனார் ஆலோசனை கூறலாம். பதவிக்கு உரியரல்லர் என விதித்தார்கள். அறுவருள் ஒருவரான அப்துர் ரகுமான் இப்னு அவ்ஃப் (ரலி) தம் உரிமையைத் துறந்து, மதீனா மக்களிடம் கருத்துக் கேட்டறிந்த பின்னரே முடிவுரைத்தார்கள். தேர்பவர் தமக்கென ஒன்றும் வேண்டாதவராய் இருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று நெறிகள் புலனாகின்றன:

1. விதி முன்னரே அறிவிக்கப்படல் வேண்டும்.
2. தேர்பவர் தன்னலம் நீங்கியிருத்தல் வேண்டும்.
3. ஏற்ற முறையின் முடிவைத் தோற்றவரும் மதித்தல் வேண்டும்.

இவை கட்சிகளுக்கு மட்டும் உரியன அல்ல. அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லியிலும் உள்ள நம் ஜமாஅத்துகளுக்கும், சங்கங்களுக்கும், மாணவர் பேரவைக்கும் உரியன. சிறிய அவையில் நேர்மை பழகாதார் பெரிய அவையில் அதனை வேண்டி நிற்றல் எங்ஙனம்? மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக!