நத்தை ஓட்டைப் படிக்கக் கத்துக்குவோம்

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் நான். காசோலை வந்தால் மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுத்ததே இல்லை. ஆனால் வயலுக்கு வந்ததும் அந்தப் பழக்கத்தை மறந்துவிட்டேன். அதற்குக் கொடுத்த விலை ஒரு கன்றுக்குட்டி.

ஓய்வு பெற்று, அம்பாசமுத்திரம் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் நிலம் வாங்கிய இரண்டாம் வருஷம் அது. நடவு வயலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு நத்தைகள் ஊர்ந்தன. "பயிரைத் தின்னுடும், மாட்டுக்கும் ஆகாது, பொறுக்கிப் போடுங்க சார்" என்றார்கள். மூன்று கூடை பொறுக்கி மேட்டில் கொட்டி வெயிலில் சாகவிட்டேன். வழக்கமாக வரும் நத்தைகுத்தி நாரை அந்தப் பட்டத்தில் என் வயலில் இறங்கவே இல்லை.

மழைக்காலம் முடிந்தபோது கன்று மெலிந்தது. தாடைக்குக் கீழே வீக்கம். கால்நடை மருத்துவர் சாணியைப் பரிசோதித்துவிட்டு, ஈரலில் தட்டைப்புழு என்றார். மருந்து கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை.

"மேயுற இடத்துல நத்தை இருக்கா?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும் பொறுக்கியாச்சே டாக்டர்" என்று மேட்டில் கிடந்த ஓடுகளைக் காட்டினேன்.

ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இது இல்ல சார். இதுக்கு மூடி இருக்கு பாருங்க." வாய்க்கால் ஓரப் புல்லை விலக்கி, கட்டைவிரல் நகம் அளவில் கண்ணாடி மாதிரி மெல்லிய ஓட்டோடு ஒன்றை எடுத்துக் காட்டினார். "இதுதான் ஆளு."

குற்றவாளியை விட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாதவனுக்குத் தண்டனை கொடுத்திருந்தேன். அதன் பிறகுதான் ஓட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். இயற்கை விவசாயிக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஓட்டை எப்படிப் பிடிப்பது?

கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடியுங்கள். எந்த நத்தையானாலும் இதுதான் முறை. இனி வரிசையாகப் பாருங்கள்.

1. வாய் எந்தப் பக்கம்? பெரும்பாலானவற்றுக்கு உங்கள் வலப்பக்கம் இருக்கும். இங்கே நம்மவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். நாம் வலம்புரிச் சங்கு என்று கும்பிடுவதை நத்தை ஆராய்ச்சியாளர்கள் இடப்பக்கச் சுருள் என்பார்கள். சங்கை நாம் பிடிப்பது தலைகீழாக, அதாவது கூர்முனை கீழே இருக்கும்படி. அதனால்தான் இந்த வேறுபாடு. ஆகவே வலம்புரி, இடம்புரி என்று எழுதாமல் 'வாய் வலப்பக்கம்', 'வாய் இடப்பக்கம்' என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

2. மூடி உண்டா? நத்தை உள்ளே போனதும் வாயைக் கதவு போல அடைக்கும் தகடு இது. காலி ஓட்டில் இருக்காது. உயிருள்ளதில்தான் பார்க்க முடியும். இருந்தால், சுண்ணாம்பு போலக் கெட்டியா, நகம் போல வளைகிறதா என்று பாருங்கள்.

3. சுருள் எத்தனை, எந்த வடிவம்? உருண்டையா, கோபுரம் போல நீண்டதா, படுக்கச் சுற்றிய கயிறு மாதிரித் தட்டையா? சுருளும் சுருளும் சேரும் கோடு ஆழமா, மேலோட்டமா?

4. கனமும் வரியும். விரலால் அழுத்தினால் நொறுங்குமா? மேடு, முடிச்சு, பட்டை உண்டா?

நிறத்தைக் கடைசியில் பாருங்கள். பாசியும் சேறும் படிந்து நிறம் ஏமாற்றும். ஆற்று நத்தைகளில் கூர்முனையே அரித்துப்போயிருக்கும். சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீர் ஓட்டைக் கரைத்துவிடுவதுதான் காரணம். முனை மழுங்கியிருப்பதால் வேறு இனம் என்று நினைத்துவிடக் கூடாது.

நம்ம பக்கம் யார் யார்?

பெரிசாக, உருண்டையாக, கெட்டி மூடியோடு இருப்பது பைலா. நான் பொறுக்கிக் கொட்டியது இதைத்தான். கோடையில் சேற்றுக்குள் புதைந்து, மூடியைச் சாத்திக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். முட்டை வெள்ளையாக, ஈர மண்ணில் இருக்கும்.

இதன் தென்னமெரிக்க உறவு தங்க ஆப்பிள் நத்தை. 1980 வாக்கில் உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுபோகப்பட்டு, தென்கிழக்கு ஆசிய நெல் வயல்களைப் பாழாக்கியது. இதன் மூடி வளையும். சுருள் கோடு வாய்க்கால் போல ஆழமாக இருக்கும். முட்டை இளஞ்சிவப்பாக, தண்ணீருக்கு மேலே தண்டில் கொத்தாக ஒட்டியிருக்கும். அப்படிக் கண்டால் உடனே வேளாண்மைத் துறைக்குச் சொல்லுங்கள்.

மெல்லிய ஓடு, மூடி இல்லை, வாய் வலப்பக்கம் என்றால் லிம்னியா. என் கன்றுக்கு எமனான தட்டைப்புழுவை வளர்த்துவிட்டது இதுதான். கிட்டத்தட்ட அதே உருவத்தில் வாய் இடப்பக்கம் இருந்தால் ஃபைசா. அது வேறு குடும்பம். தட்டையாகச் சுற்றி, மூடி இல்லாமல் இருப்பது இண்டோபிளானார்பிஸ். மாட்டுக்குக் குறட்டை வரவைக்கும் மூக்குப் புழுவும், சேற்றில் இறங்குகிறவர் காலில் அரிப்பு உண்டாக்கும் புழுவும் இதில்தான் வளர்கின்றன.

கோபுரம் போல நீண்டிருப்பது மெலனாய்டெஸ். ஆற்றில் பாறையோடு ஒட்டி, கனத்த ஓட்டோடு உருண்டையாக இருப்பது பாலுடோமஸ்.

ஓடு மட்டும் போதுமா?

குடும்பம் பிரிக்கப் பெரும்பாலும் போதும். இனம் சொல்லப் பல சமயம் போதாது. ஒரே இனத்தின் ஓடு, ஓடும் தண்ணீரில் ஒரு மாதிரியும் தேங்கிய தண்ணீரில் வேறு மாதிரியும் வளரும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில், மகாராஷ்டிரம், கர்நாடகப் பகுதி நீரோடைப் பாறைகளில் கிரெம்னோகாங்கஸ் என்ற சின்னஞ்சிறு நத்தை இருக்கிறது. இதன் உறவெல்லாம் கடலோரப் பாறையில். இது மட்டும் மலையேறி நன்னீரில் வாழ்கிறது. பிளான்ஃபோர்டு என்ற ஆய்வாளர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதன் இனங்களை விவரித்திருந்தார். 2013-இல்தான் ரெய்ட், அரவிந்த், மத்யஸ்தா ஆகிய மூவரும் இன்னும் ஆறு புது இனங்களை அறிவித்தார்கள். ஒன்றுக்கு ஆகும்பே ஊரின் பெயர், இன்னொன்றுக்கு அனுமன் பெயர். ஓட்டை மட்டும் பார்த்து அவர்கள் இதைச் சொல்லவில்லை. மூடி, நாக்கில் உள்ள பல்வரிசை, உள்ளுறுப்பு, மரபணு எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள்.

புது இனம் அறிவிக்கும்போது ஒரு மாதிரியை அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக வைப்பார்கள். பின்னால் யார் சந்தேகப்பட்டாலும் அதோடு ஒப்பிட வேண்டும். பார்க்கப் போனால், எங்கள் வங்கியின் மாதிரிக் கையெழுத்து அட்டை இதுதான்!

நாம் செய்ய வேண்டியது

காலி ஓடுகளைச் சேகரித்து, இடம், தேதி, ஓடும் தண்ணீரா தேங்கியதா என்று எழுதித் தீப்பெட்டியில் போட்டு வையுங்கள். குறிப்பு இல்லாத ஓடு, கையெழுத்து இல்லாத காசோலை மாதிரி, யாருக்கும் பயன்படாது. லிம்னியா இருக்கும் வாய்க்கால் ஓரத்தில் கன்றை மேயவிடாதீர்கள். அந்த ஈரப் புல்லை அறுத்துப் பச்சையாகவும் போடாதீர்கள். புழுவின் கூடு ஒட்டியிருப்பது புல்லில்தான். தொட்டித் தண்ணீர் கொடுங்கள். வாத்து விடுங்கள். நத்தையைக் கொல்ல மயில்துத்தம் கரைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது மீனையும் மண்ணில் உள்ள உயிரையும் சேர்த்துக் கொல்லும்.

இப்போது என் வயலில் பைலா நிம்மதியாக இருக்கிறது. நடவு முடிந்து பத்து நாள் தண்ணீரைக் குறைத்துக் கட்டினால் இளம் நாற்றுக்கும் தொந்தரவு இல்லை. போன பட்டத்தில் நாரை மறுபடி வந்தது. நான்கு பறவைகள். நான் வரப்பில் உட்கார்ந்து, அவை ஓட்டை எப்படித் திறக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எது எந்த நத்தை என்று அவற்றுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.