சை-ஃபை வாசிப்புக் குழு தொடங்கப் போறியா? அக்கா சொல்றேன், கேட்டுக்கோ

விஞ்ஞானக் கதை படிக்கிறவர்களுக்குப் பேச்சுத் துணை கிடைப்பது கஷ்டம். அலுவலகத்தில் 'பொன்னியின் செல்வன்' பற்றிப் பேச பத்துப் பேர் இருப்பார்கள். சுஜாதா நாவலில் வரும் ஜீனோ என்ற ரோபோ நாயைப் பற்றிப் பேச ஆள் தேடத்தான் வேண்டும். அதனால்தான் இந்தக் குழுவை ஆன்லைனில் தொடங்கு என்கிறேன். உன் தெருவில் இல்லாத ஆள் திருநெல்வேலியில் இருப்பார், யாழ்ப்பாணத்தில் இருப்பார், டொராண்டோவிலும் இருப்பார். சேர்ப்பது சுலபம், தங்கச்சி. அவர்கள் மாதாமாதம் வர வேண்டுமே, அதற்குத்தான் வேலை இருக்கிறது. "எனக்கு சயின்ஸ் வராது" என்று சொல்கிறவரும் கூச்சமில்லாமல் வாய் திறக்கிற இடமாக உன் குழு இருந்தால் அது நிலைக்கும். இனி நான் சொல்லப்போவது எல்லாமே அதை மனசில் வைத்துத்தான்.

முதலில் ஆள் பிடிக்கிற விஷயம். போனில் இருக்கிற எண்களை எல்லாம் அள்ளி ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதே. ஒவ்வொருவரிடமும் தனியாக, "கடைசியாகப் படித்த விஞ்ஞானக் கதை எது?" என்று கேள். கதையின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல், பிடித்ததையும் பிடிக்காததையும் கொட்டுகிறவர்தான் உனக்கு வேண்டியவர். ஆறு முதல் எட்டுப் பேர் கிடைத்தால் தொடங்கிவிடு. பதினைந்துக்கு மேல் போக விடாதே. ஒரு மணி நேரக் கூட்டத்தில் பதினைந்து பேர் என்றால் ஆளுக்கு நாலு நிமிஷம்தான். அதற்கு மேல் கூட்டம் சேர்ந்தால் பேசுகிறவர்கள் நாலு பேர், மைக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறவர்கள் மீதிப் பேர் என்று ஆகிவிடும்.

அடுத்தது, முதல் கதை. எல்லோருக்கும் இங்கேதான் ஆசை மிஞ்சும். சீன எழுத்தாளர் லியூ சிஷினின் 'த்ரீ பாடி பிராப்ளம்' மாதிரி ஒரு பெரிய நாவலில் தொடங்கலாம் என்று தோன்றும். அற்புதமான நாவல்தான், ஹியூகோ விருது வாங்கியது. ஆனால் முதல் மாதமே தடிமனான புத்தகத்தைக் கொடுத்தால் பாதிப் பேர் பாதியில் நின்று, அந்த வெட்கத்திலேயே கூட்டத்துக்கு வராமல் போவார்கள். அரை மணி நேரத்தில் முடிகிற கதையாக எடு.

என் தேர்வு ரொக்கேயா சகாவத் உசேன் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. வங்காளத்துக்காரரான அவர் ஆங்கிலத்தில் எழுதிய இந்தக் கதை 1905-ல் முதலில் வெளிவந்தது நம் சென்னையிலிருந்து. கமலா சத்தியநாதன் நடத்திய 'தி இந்தியன் லேடீஸ் மேகஸின்' பத்திரிகையில். கதைசொல்லி கனவில் போகிற நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள். சமையலறையில் கரியும் புகையும் கிடையாது, வெயிலின் சூட்டில் சமையல். மேகத்திலிருந்தே பலூன் வைத்துத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறார்கள். படையெடுத்து வந்தவர்களைச் சூரிய வெப்பத்தைக் குவித்தே விரட்டுகிறார்கள். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் எழுதியது இது!

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் முடிந்ததும் காப்புரிமை தீர்ந்துவிடும். ரொக்கேயா மறைந்தது 1932-ல். அதனால் ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்காக நீயே தமிழில் எழுதி, குழுவில் தாராளமாகப் பகிரலாம். எச்.ஜி. வெல்ஸ், ஜூல்ஸ் வெர்ன், மேரி ஷெல்லி மூலங்களும் அப்படியே. புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மொழிபெயர்ப்புக்கு மட்டும் மொழிபெயர்த்தவரின் உரிமை தனியாக உண்டு, அதைப் பார்த்துக்கொள். சுஜாதா 2008-ல்தான் மறைந்தார். அவர் புத்தகத்தின் பிடிஎஃப் எங்கிருந்தோ கிடைத்தது என்று யாராவது குழுவில் போட்டால், அன்பாகச் சொல்லி நீக்கச் சொல். தமிழில் விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்களே கொஞ்சம். அவர்களுக்கு வர வேண்டிய ராயல்டியை, அவர்களை நேசிக்கிற நாமே கெடுக்கக் கூடாது.

இரண்டாவது மாதத்துக்கு ஜகதீஷ் சந்திர போஸ். ஆமாம், தாவரங்களை ஆராய்ந்த அதே விஞ்ஞானிதான். 1896-ல் ஒரு தலைமுடி எண்ணெய்க் கம்பெனி வைத்த கதைப் போட்டிக்காக அவர் வங்காளியில் எழுதிய கதையில், கல்கத்தாவை நோக்கி வந்த புயல் ஒரு பாட்டில் கூந்தல் எண்ணெயால் அடங்கிப்போகிறது. சிரித்துக்கொண்டே பரப்பு இழுவிசை வரைக்கும் பேசலாம். பிறகு சுஜாதாவின் 'திமலா', ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பிலிருந்து ஒரு கதை என்று தமிழுக்கு வா. சித்த மருத்துவம் போன்ற நம் மரபு அறிவை வைத்து விஞ்ஞானக் கதை எழுதலாம் என்று 'விசும்பு' காட்டுவதால், அதைப் படித்த மாதம் வாக்குவாதம் நன்றாக நடக்கும்.

நாவலுக்குப் போகும்போது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'தான் சரி. 80-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது என்பதால் அத்தியாயங்கள் சின்னது, ஒவ்வொன்றும் ஒரு திடுக்கிடலில் நிற்கும். நாலு வாரமாகப் பிரித்துப் படிக்கத் தோதானது. எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர், தலைவர் ஜீவா சொல்வதே சட்டம் என்கிற அந்த எதிர்கால இந்தியாவின் வருஷத்தை நாம் இப்போது தாண்டிவிட்டோம். "கதை நடந்த காலம் முடிந்துபோச்சு, இப்போ இதை எப்படிப் படிக்கிறது?" என்று ஒரு கேள்வி போட்டால் போதும், ஒரு கூட்டம் முழுக்க ஓடும்.

புத்தகத்தை அறிவிக்கும் முன் அது கிடைக்குமா என்று பார். அச்சில் இருக்கிறதா, மின்நூலாக இருக்கிறதா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம், உன் மாவட்ட மைய நூலகம் இவற்றில் பிரதி இருக்கிறதா என்று விசாரி. சிங்கப்பூர், டொராண்டோ பொது நூலகங்களிலும் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் புத்தகம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், நாவலை இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடு. ஒருவர் பழைய பதிப்பும் ஒருவர் கிண்டிலும் வைத்திருப்பார். அதனால் பக்க எண் சொல்லிப் பேசாமல் அத்தியாய எண் சொல்லிப் பேசப் பழக்கு.

நேரம் குறிக்கிற விஷயத்தில் ஒரு அக்காவாக உரிமையோடு சொல்கிறேன்: வீட்டில் சமைக்கிறவர்களிடம் முதலில் கேள். சனிக்கிழமை இரவு 8 மணி என்று ஆண்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்தில் தோசைக்கல் முன்னால் நிற்கிறவர்கள் மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு கேட்க வேண்டியிருக்கும். 8.30 என்றால் ஓரளவு மூச்சு விடலாம். இந்திய நேரம் இரவு 8.30 என்பது சிங்கப்பூரில் இரவு 11. லண்டனில் கோடையில் மாலை 4, குளிர்காலத்தில் 3. டொராண்டோவில் கோடையில் காலை 11, குளிர்காலத்தில் 10. இலங்கைக்கு நம் நேரமேதான். மார்ச்சிலும் அக்டோபர், நவம்பரிலும் லண்டன், டொராண்டோ பக்கம் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரங்களில் அவரவர் ஊர் நேரத்தையும் சேர்த்து நினைவூட்டு.

கூட்டத்துக்கு கூகுள் மீட் போதும். இலவசக் கணக்கில் ஒரு மணி நேரம் கிடைக்கும். ஜூமில் 40 நிமிஷம்தான். இணைப்பைப் பொதுவெளியில் போடாதே. மாதம் முழுக்கப் பேச வாட்ஸ்அப் எல்லோரிடமும் இருக்கிறது, உண்மை. ஆனால் அந்தக் குழுவில் உன் எண் எல்லோருக்கும் தெரியும். முன்பின் தெரியாதவர்கள் சேர்கிற குழுவில் பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. டெலிகிராமில் எண்ணை மறைத்து வைக்கலாம். கதையின் முடிவை எழுதும்போது எழுத்தை மூடி அனுப்பும் வசதியும் அதில் உண்டு. படிக்கிறவர் தொட்டால்தான் தெரியும். எதில் நடத்தினாலும், உறுப்பினருக்குத் தனிச்செய்தி அனுப்ப முதலில் குழுவிலேயே அனுமதி கேட்க வேண்டும் என்பதை முதல் நாளே விதியாக எழுதிப் போடு. மீறியவரை நீக்கத் தயங்காதே. உன்னோடு இன்னொருவரையும் அட்மின் ஆக்கிக்கொள், உனக்குக் காய்ச்சல் வந்தாலும் கூட்டம் நடக்கட்டும்.

இனி கூட்டம் நடத்துகிற விதம். முதல் பத்து நிமிஷம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மனசில் நின்ற ஒரு காட்சியை மட்டும் சொல்லச் சொல். அபிப்பிராயம் வேண்டாம், காட்சி போதும். அதைச் சொல்ல யாருக்கும் பயம் வராது. ஒரு தடவை வாய் திறந்தவர் அடுத்த தடவை தானாகப் பேசுவார்.

பிறகு மூன்று கேள்விகள். முந்தின நாளே எழுதி வை. "கதை பிடிச்சுதா?" என்று மட்டும் கேட்காதே, "பிடிச்சுது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். விஞ்ஞானக் கதை என்றால் எழுத்தாளர் உலகத்தில் ஒன்றை மாற்றியிருப்பார். எதை மாற்றினார், அதனால் யார் நிம்மதியானார், யார் அவதிப்பட்டார், எது மாறாமல் அப்படியே கிடக்கிறது என்று கேள். இந்த ஊரில் துணி துவைக்கிறது யார் என்று கேள். எந்த விண்வெளிக் கதைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

எங்கள் குழுவில் 'சுல்தானாவின் கனவு' பேசிய அன்று சூரிய அடுப்பு, சோலார் பேனல் என்று பேச்சு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. துணிக்கடையில் கணக்கு எழுதுகிற ஒரு அக்கா அதுவரை வாயே திறக்கவில்லை. எது மாறவில்லை என்று கேட்டதும் சொன்னார்: "பூட்டு மாறலைங்க. உள்ளே இருக்கிற ஆளுதான் மாறியிருக்கு." அதற்குப் பிறகு சோலார் பேனல் பேச்சு வரவே இல்லை. அடைத்து வைக்காத உலகம் ஒன்றை ரொக்கேயா ஏன் எழுதவில்லை, அல்லது அதைக் காட்டத்தான் தலைகீழாக எழுதினாரா என்று மீதி நேரம் போனது. இயற்பியல் படித்தவர்கள் கேட்காத கேள்வியை அவர்தான் கிளப்பினார். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் குழு என்பதை நீ மறக்கவே கூடாது.

அதற்காக இயற்பியல் படித்தவரை அடக்கி உட்கார வைக்கச் சொல்லவில்லை. அவர் சொல்வதில் சுவை இருக்கும். வெல்ஸின் 'இன்விசிபிள் மேன்' பேசினால், "கண்ணுக்குத் தெரியாத மனுஷனுக்குக் கண்ணே தெரியாதே! விழித்திரை ஒளியைத் தடுத்து வாங்கினால்தானே பார்வை?" என்பார். நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதைப் பேச்சின் தொடக்கத்தில் சொன்னால், கதையே தப்பு என்ற எண்ணம் வந்து மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஆகவே கடைசிப் பத்து நிமிஷத்தை 'சயின்ஸ் நேரம்' என்று அவருக்கென்றே ஒதுக்கு. அதற்கு முன்னால் அந்த மனிதன் படும் பாட்டைப் பேசலாம். சாப்பிட்ட சாப்பாடு செரிக்கும் வரை வெளியே தெரியும், பனி பெய்தால் மேலே படிந்து உருவத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மறைந்திருப்பதற்காகப் பசியோடும் குளிரோடும் அலைகிறவனை வெல்ஸ் எவ்வளவு கவனமாக யோசித்திருக்கிறார் பார்.

படித்து முடிக்காதவர்களும் வரட்டும். முடிவு தெரிந்துவிடும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு. ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்கள் ஒரு நிமிஷக் குரல் செய்தி அனுப்பினால் அதைக் கூட்டத்தில் போட்டுக் காட்டு. எப்போதாவது படத்தோடு சேர்த்தும் படிக்கலாம். டெட் சியாங்கின் 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' படித்துவிட்டு, அதிலிருந்து 2016-ல் வந்த 'அரைவல்' பார்த்தால் இரண்டு மாதத்துக்குப் பேச்சு இருக்கும். எழுத்தாளரை அழைத்தால் எல்லோரும் அவர் புத்தகத்தை விலை கொடுத்து வாங்கிப் படித்திருக்க வேண்டும், கேள்விகள் ஒரு வாரம் முன்பே அவருக்குப் போய்ச் சேர வேண்டும். சந்தா, வசூல் எதுவும் வேண்டாம்.

அடுத்த கதையைக் கூட்டம் முடியும் முன்பே முடிவு செய். பத்துப் பெயர் போட்டு ஓட்டெடுப்பு வைத்தால் வாரம் முழுக்க இழுக்கும். இரண்டு பெயர் போதும். ஜெயித்த கதையைச் சொன்னவரே அடுத்த மாதம் கேள்விகளைத் தயாரிக்கட்டும். இப்படிப் போனால் நாலைந்து மாதத்தில் நடத்தத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள்.

இந்த வாரமே அனுப்ப வேண்டிய செய்தியை எழுதியே தந்துவிடுகிறேன்:

"வணக்கம். விஞ்ஞானக் கதைகளைப் படித்துப் பேச ஒரு சின்னக் குழு தொடங்குகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை, இந்திய நேரம் இரவு 8.30 முதல் 9.30 வரை. முதல் கதை 'சுல்தானாவின் கனவு'. அரை மணி நேரத்தில் படித்துவிடலாம், தமிழில் நானே அனுப்புகிறேன். அறிவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வருவதாக இருந்தால், உங்களுக்குப் பிடித்த ஒரு விஞ்ஞானக் கதையின் பெயரைப் பதிலாக எழுதுங்கள்."

இதை எட்டுப் பேருக்குத் தனித்தனியாக, அவரவர் பெயரைப் போட்டு அனுப்பு. பதில் வருவதற்குள் மொழிபெயர்ப்பில் முதல் இரண்டு பக்கத்தையாவது முடித்து வை.