ஹெல்ப்பரிலிருந்து டர்னர் வரை: காணாமல் போன படிகள்

வேலப்பன்சாவடி ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கம்பத்தில் ஒட்டியிருக்கும் 'ஆட்கள் தேவை' நோட்டீஸை ஒருமுறை நிதானமா படிச்சுப் பாருங்க. ஆண்கள், வயது 18 முதல் 28 வரை. படிப்பு பத்தாம் வகுப்பு முதல் எனி டிகிரி வரை. ரூம் இலவசம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. கீழே ஒரு செல் நம்பர். எந்த கம்பெனி என்று பெரும்பாலும் போட்டிருக்காது.

இதில் கவனிக்க ரெண்டு விஷயம் இருக்கு. பத்தாவது படிச்சவனுக்கும் டிகிரி முடிச்சவனுக்கும் ஒரே சம்பளம். அடுத்தது, வயது 28-உடன் முடிகிறது. அனுபவம் கூடக் கூட ஆளின் மதிப்பு கூடணும் இல்லையா? இங்கே அனுபவம் சேர ஆரம்பிக்கும் வயதில் கதவு மூடுகிறது.

'படிக்காதவனுக்கு வேலை கிடைக்கல' என்று சுலபமா சொல்லிடுவோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2023 அறிக்கைப்படி, 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளில் வேலையின்மை 42 விழுக்காடு. அதிகம் படிக்காதவர்களிடம் இது மிகவும் குறைவு. காரணம் எளிது: வீட்டில் உட்கார்ந்து நல்ல வேலைக்காகக் காத்திருக்க அவர்களுக்கு வசதி கிடையாது. கிடைத்ததைச் செய்கிறார்கள். அதனால் வேலை இருக்கா என்று மட்டும் கேட்டால் பிரச்சினை கண்ணில் படாது. அந்த வேலை பத்து வருஷத்தில் ஒருவனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று கேட்கணும்.

நம்ம பக்கத்தையே எடுத்துக்கலாம். பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப் என்று 1950கள், 60களில் வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. 60களின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டும் வந்தது. அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான லேத் பட்டறைகள். எஸ்.எஸ்.எல்.சி. பெயிலான பையன் பட்டறையில் ஹெல்ப்பராகச் சேர்வான். முதலில் சுர்ர் என்று பறக்கும் இரும்புச் சுருளைக் கூட்டுவான், டீ வாங்குவான். பிறகு டூல் பிட் தீட்டக் கற்பான். வெர்னியர் பார்க்கக் கற்பான். டிராயிங் படிக்க ஆரம்பித்ததும் அவன் டர்னர். அதற்கப்புறம் பெரிய கம்பெனியில் இடம், அல்லது கடனுக்கு ஒரு பழைய லேத் வாங்கி சொந்த ஜாப் ஒர்க். எல்லோரும் மேலே போனார்கள் என்று சொல்லவில்லை. அடியும் திட்டும் வாங்கி விட்டுப் போனவர்களும் நிறைய. ஆனால் படிகள் இருந்தன.

சி.என்.சி. வந்தபோது அந்த ஒரே ஆளின் திறமை இரண்டாகப் பிளந்தது. புரோகிராம் எழுதுவது, ஆஃப்செட் போடுவது டிப்ளமோ, பி.இ. படித்தவரிடம் போனது. மிச்சம் இருந்தது ஜாபை ஏற்றுவது, பட்டனை அமுக்குவது, இறக்குவது, கேஜ் வைத்துப் பார்ப்பது. ஹாரி பிரேவர்மேன் 1974-லேயே சொன்னது இதுதான்: சிந்திக்கும் வேலையை செய்யும் வேலையிலிருந்து பிரித்துவிட்டால், செய்பவரை மலிவாக வாங்கலாம். ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைக்குப் பத்து வருஷ அனுபவம் எதற்கு? நோட்டீஸில் 28 வந்தது இப்படித்தான்.

ஆனா மெஷின் மேல் மட்டும் பழி போடுவது சரியில்லை. மெஷினில் புரோகிராமை மாற்ற முடியாமல் பூட்டும் சாவி ஒன்று இருக்கும். ஆபரேட்டருக்கு எதைத் திருத்த அனுமதி, எதைத் தொடக்கூடாது என்று முடிவெடுப்பது மெஷின் இல்லை. நாளைக்கு புராசஸ் இன்ஜினியராகப் போகும் நம்மில் ஒருவர். ஜெர்மனியிலும் இதே சி.என்.சி. தான் ஓடுகிறது. அங்கே பள்ளி முடித்தவன் சம்பளத்தோடு மூன்று, மூன்றரை வருஷம் தொழிற்சாலையிலும் தொழிற்பள்ளியிலும் சேர்ந்து பயின்று, பின்னால் 'மைஸ்டர்' தேர்வு வரை எழுதலாம்.

இன்னொரு பாதி, சட்டமும் ஒப்பந்தமும். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்கணும் என்று தமிழ்நாடு 1981-லேயே சட்டம் போட்டது. அதைத் தாண்டுவதற்குப் பல வழிகள் உண்டு: 480 நாளுக்கு முன்பே பிரேக் கொடுப்பது, ஒப்பந்ததாரரை மாற்றுவது, 'ட்ரெய்னி' என்று பெயர் வைப்பது. ஒரு பணியில் ஒப்பந்தமுறை தடை செய்யப்பட்டாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் தானாகவே நிறுவனத்தின் ஊழியராகிவிட மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் 'செயில்' வழக்கில் தீர்ப்பளித்தது. நம்ம ஏ.ஐ.சி.டி.இ.யே 2013-ல் 'நீம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் சேர்ந்தவர் மூன்று வருஷம் வரை லைனில் நிற்க முடிந்தது. ஆனால் அவர் ஊழியராகக் கருதப்படவில்லை, பயிற்சியாளராகத்தான் இருந்தார்.

விளைவு புள்ளிவிவரத்தில் தெரிகிறது. மத்திய அரசின் தொழிற்சாலைகள் ஆய்வின்படி, 2000களின் தொடக்கத்தில் தொழிலாளர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் ஒப்பந்த ஆள். 2022-23-ல் 40.7 விழுக்காடு. தொழிற்சாலை உருவாக்கும் நிகர மதிப்பில் தொழிலாளர் கூலியின் பங்கு 1980களின் தொடக்கத்தில் சுமார் 30 விழுக்காடு. 2000களின் இறுதியில் 12-க்கும் கீழே.

சம்பளம் ஏறாமலா இருக்கு என்று கேட்கலாம். ஒரு கணக்கு போடுவோம். சம்பளம் 12,000, வருஷம் 5 விழுக்காடு உயர்வு, விலைவாசி 6 விழுக்காடு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்தில் கையில் 19,547 ரூபாய். கேட்க நல்லா இருக்கு. ஆனால் பழைய விலையில் அதன் மதிப்பு 10,915 தான். பத்து வருஷ உழைப்புக்கு ஆயிரம் ரூபாய் இறக்கம்.

அமெரிக்காவில் பள்ளிப் படிப்போடு நின்ற ஆண்களின் உண்மைக் கூலி 2010களில், 1970களின் இறுதியில் இருந்ததைவிடக் குறைவு. அங்கே நடுத்தர வயது வெள்ளையர்களிடம், குறிப்பாகக் குறைவாகப் படித்தவர்களிடம், தற்கொலை, போதை, குடியால் வரும் சாவுகள் கூடியதை 2015-ல் ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் காட்டினார்கள். இங்கே கதை அப்படியே இல்லை. பெயின்டர், கொத்தனார் வாங்கும் தினக்கூலி பல நேரம் ஒப்பந்த ஆபரேட்டரைவிட அதிகம். அதனால்தான் நிறையப் பேர் கம்பெனியை விட்டு பெயின்டிங்குக்கோ டெலிவரி பைக்குக்கோ போகிறார்கள். மழை வந்தால் அங்கே வேலை நிற்கும். வயசானால் முதுகு நிற்காது.

'பீகார்காரன் வந்துதான் கெட்டது' என்று டீக்கடையில் சொல்வார்கள். அவரும் அதே ஒப்பந்ததாரரின் கீழ், அதே நோட்டீஸ் சம்பளத்துக்குத்தான் நிற்கிறார். சொல்லப்போனால், ஆர்டர் கிடைக்காத பி.இ. ஒருவர் 'ட்ரெய்னி'யாக அதே லைனில் போய் நிற்கும்போது ஐ.டி.ஐ. முடித்தவனுக்கு ஒரு படி குறைகிறது. அவன் நகர்ந்தால் பத்தாவது படித்தவனுக்கு ஒரு படி குறைகிறது.

உங்க அண்ணனோ மாமா பையனோ ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் போகிறவராக இருந்தால், யு.ஏ.என். நம்பர் போட்டு அவருடைய பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்க. ஒரே ஷெட்டில் நாலு வருஷம் நின்றவருக்கு அதில் எத்தனை நிறுவனங்களின் பெயர் இருக்கு, நடுவில் எந்தெந்த மாதம் பணம் ஏறவில்லை என்று எண்ணுங்க. நாட்களையும் தனியா எழுதி வைக்கச் சொல்லுங்க. அட்டெண்டன்ஸ் கார்டு, கேட் பாஸ், சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போட வேண்டாம். 480 நாள் என்று லேபர் ஆபீஸில் கேட்கப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.