குடியுரிமைப் படிவத்தில் மனைவியின் கடைசிப் பெயர்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வாழப்பாடி பழனிசாமியின் மகன் ரமேஷ், அவர் மனைவி கவிதா என்று ஒரு தம்பதியை வைத்துக்கொள்வோம். ஊரில் அவர் வெறும் ப. ரமேஷ். அமெரிக்கா போனதும் இனிஷியல் விரிந்து ரமேஷ் பழனிசாமி ஆகிவிடுகிறார். கல்யாணத்துக்குப் பின் எடுத்த பாஸ்போர்ட்டில் மனைவி, கவிதா ரமேஷ். பிள்ளைகளுக்கும் ரமேஷ்தான் கடைசிப் பெயர். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கடைசிப் பெயர் இருக்க, அந்தப் பெயரைக் கொடுத்தவர் மட்டும் தனியாக நிற்கிறார். வெள்ளைக்காரப் பள்ளிக்கூடத்தில் இதை விளக்கிச் சொல்லி யாரும் ஜெயித்ததில்லை.

கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம் ஆனதும் (அமெரிக்கக் குடிமகனை மணந்து அவரோடு சேர்ந்து வாழ்பவருக்கு மூன்று) குடியுரிமைக்கு என்-400 படிவம் போடலாம். அதில் ஒரு கேள்வி: உங்கள் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொள்ள விருப்பமா? தனியாகச் செலவில்லாமல் பெயர் மாறும் வாய்ப்பு அதுதான். பிறகு மாற்ற வேண்டுமென்றால் மாநில நீதிமன்றத்தில் மனு, அதற்குக் கட்டணம், பல இடங்களில் பத்திரிகை விளம்பரம் வரை போகும்.

செய்ய வேண்டியவை

படிவத்தைத் திறப்பதற்கு முன் வீட்டில் பேசி முடியுங்கள். வழி மூன்று. ஒன்று, கவிதா தன் மாமனார் பெயரை எடுத்து கவிதா பழனிசாமி ஆவது. அப்போது பிள்ளைகள் மட்டும் வேறு பெயரில் நிற்பார்கள். இரண்டு, ரமேஷ் தன் பெயரைத் திருப்பிப் போட்டு பழனிசாமி ரமேஷ் ஆவது. ஊரில் எழுதும் வரிசையும் அதுதான், வீட்டில் எல்லோருக்கும் கடைசிப் பெயர் ஒன்றாகிவிடும். ஆனால் அன்று முதல் ஆபீசில் அவரை அப்பா பெயரைச் சொல்லி அழைப்பார்கள். காதுக்குப் பழக நாளாகும். மூன்று, உள்ளபடியே விட்டுவிடுவது. கணவனும் மனைவியும் ஒரே கடைசிப் பெயர் வைத்திருக்க வேண்டும் என்று அங்கே எந்தச் சட்டமும் இல்லை. என்னைக் கேட்டால் மூன்றாவதை முதலில் யோசிப்பேன். கல்யாணத்துக்கு முன்பிருந்த அப்பா பெயருக்கே கவிதா திரும்ப நினைத்தால் அதற்கும் இந்தப் படிவமே போதும். அவர் பெயரை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், மாமியார் வீட்டு வாட்ஸாப் குழு அல்ல.

அவரவர் படிவத்தில் அவரவர் கேளுங்கள். ரமேஷின் பெயர் மாறினால் கவிதாவின் பெயர் தானாக மாறாது. இருவர் விண்ணப்பமும் ஒரே நாளில் போனாலும் கோப்பு இரண்டுதான்.

இதுவரை எந்தெந்தப் பெயரில் இருந்தீர்களோ அத்தனையையும் எழுதுங்கள். பழைய இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தவர்களுக்கு அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் கடைசிப் பெயராகி, முதல் பெயர் இருக்கும் இடத்தில் ‘எஃப்என்யு’ என்று விழுந்திருக்கும். முதல் பெயர் தெரியாது என்று பொருள். அதையும் எழுத வேண்டும், விட்டொழிக்கவும் இதுதான் நேரம்.

உறுதிமொழி விழா எங்கே நடக்கும் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். பெயர் மாற்றும் அதிகாரம் குடியேற்றத் துறைக்குக் கிடையாது, நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. அதனால் பெயர் மாற்றம் கேட்டவர் நீதிபதி முன்னால் உறுதிமொழி எடுக்க வேண்டும். துறையே நடத்தும் விழா சீக்கிரம் வரும், நீதிமன்ற விழாவுக்குச் சில ஊர்களில் காத்திருக்க நேரும். உறுதிமொழி எடுக்கும் வரை நீங்கள் இந்தியக் குடிமகன்தான்.

பெயர் மாற்ற ஆணைக்குச் சான்றளித்த நகல்கள் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். குடியுரிமைச் சான்றிதழில் புதுப் பெயர் இருக்கும். பழைய பெயரையும் புதுப் பெயரையும் இணைக்கும் தாள் இந்த ஆணை. முதலில் சோஷியல் செக்யூரிட்டி, அப்புறம் அமெரிக்க பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், வங்கி.

செய்யக்கூடாதவை

விண்ணப்பம் நடுவில் இருக்கும்போது இந்திய பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றாதீர்கள். கிரீன் கார்டில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று நேர்காணலில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எப்படியும் திருப்பிக் கொடுக்கப் போகிற புத்தகம் அது.

திருமணச் சான்று ஒன்றே போதும் என்று இருந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். சார்பதிவாளர் அலுவலகத்தில் தரும் சான்றில் இருவர் பெயரும் இருக்கும், மனைவியின் பெயர் இனி இன்னது என்ற வரி இருக்காது. அதை வைத்துப் பெயர் மாறியதாக ஏற்பதும் ஏற்காததும் பார்க்கும் அதிகாரியைப் பொறுத்தது. நீதிமன்ற ஆணையில் அந்தக் கேள்வியே எழாது.

பிள்ளைகளின் பெயரும் கூடவே மாறும் என்று நினைக்காதீர்கள். 18 வயதுக்குள் கிரீன் கார்டோடு பெற்றோருடன் இருக்கும் பிள்ளை, அப்பாவோ அம்மாவோ குடியுரிமை பெற்றதும் தானே குடிமகன் ஆகிவிடும். உறுதிமொழி கிடையாது, ஆகவே பெயர் மாற்றமும் கிடையாது. வேண்டுமென்றால் மாநில நீதிமன்றம்தான்.

உறுதிமொழி எடுத்த பிறகு இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டி விமானம் ஏறாதீர்கள். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி அந்த நொடியே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கிய பிறகே, வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பம். அட்டை, புது அமெரிக்க பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரில் வரும். ஒப்படைத்த புத்தகத்தில் பழைய பெயர் என்பதால் நீதிமன்ற ஆணையை இங்கேயும் இணைக்க வேண்டும். தை மாதத்தில் ஊருக்கு வர டிக்கெட் போட்டிருந்தால் அதில் எந்தப் பெயர் என்று ஒரு தடவை பாருங்கள். பாஸ்போர்ட் கைக்கு வராமல் புதுப் பெயரில் டிக்கெட் வேண்டாம்.

பிறந்த ஊரை அவசரத்தில் அடிக்காதீர்கள். ஆங்கிலத்தில் வாழப்பாடியை ‘ழ’வுக்கு ஒரு மாதிரி, ‘ப்ப’வுக்கு ஒரு மாதிரி ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அமெரிக்க பாஸ்போர்ட்டில் பிறந்த நாடு மட்டும்தான் வரும், ஊர் வராது. ஓசிஐ விண்ணப்பம் ஊரைக் கேட்கும். பிறப்புச் சான்றிலும் பழைய பாஸ்போர்ட்டிலும் உள்ள எழுத்தையே போடுங்கள். இன்னொன்று, ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொள்ளும் வழக்கமும் நமக்கு உண்டு. மத்திய அமைச்சராக இருந்த வாழப்பாடி ராமமூர்த்தியை ஊர்ப் பெயர் இல்லாமல் யாருக்கு அடையாளம் தெரியும்? அமெரிக்கப் படிவத்தில் அப்படி எழுதினால் ஊரே உங்கள் முதல் பெயர் ஆகிவிடும்.

ஊரில் உள்ள தாள்களை மறந்துவிடாதீர்கள். பாக்குத் தோப்புப் பட்டா, அம்மாவோடு சேர்ந்த வங்கிக் கணக்கு, பான் கார்டு எல்லாம் பழைய பெயரில் கிடக்கும். பான் பெயரைத் திருத்திக்கொள்ளலாம், வங்கியில் கணக்கை வெளிநாட்டில் வாழ்பவருக்கான என்ஆர்ஓ-வாக மாற்றச் சொல்வார்கள். நிலத்தில்தான் கவனம் வேண்டும். ஓசிஐ அட்டைக்காரர் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, வாரிசாகப் பெறலாம். அப்படிப் பெறும் நாளில் தாசில்தார் அலுவலகத்து வாரிசுச் சான்றில் கவிதா ரமேஷ், கையில் உள்ள பாஸ்போர்ட்டில் கவிதா பழனிசாமி என்றால் பட்டா மாற்றம் அங்கேயே நிற்கும். நீதிமன்ற ஆணையின் நகலுக்கு, வெளிநாட்டில் செல்லும்படி சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்கி வைத்திருந்தால் இங்கே செல்லும். 2005 முதல் இந்தியா அந்த முறையில் இருக்கிறது. அதோடு, இரு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு வாங்கி, ஊரில் பத்திரங்களைப் பார்த்துக்கொள்பவர் கையில் கொடுத்து வையுங்கள்.