காட்டை அடுத்த நிலத்தில் தோட்டம்

சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் நிலமுடைய அங்கத்தினர்க்கு ஒரு குறை உண்டு. பகலில் வெயிலுக்குத் தப்பிய செடி இரவில் மானுக்குத் தப்புவதில்லை. இவற்றை இருவேறு தொல்லைகளாகக் கருதுகிறோம். ஆனால் இவை ஒன்றோடொன்று தொடர்புடையவை. மாசி முதல் வைகாசி வரை காட்டில் புல் காய்ந்துவிடுகிறது. நாம் நீர் பாய்ச்சிய தோட்டம் மட்டுமே பசுமையாக நிற்கிறது. புள்ளிமானும் கடமானும் அதனை நாடி வருவது இயல்பே.

முதலில், மேய்ந்தது எது என்று அறிதல் வேண்டும். மானுக்கு மேல்வாயில் முன்பற்கள் இல்லை. ஆதலால் அது மேய்ந்த தண்டின் நுனி கிழிந்திருக்கும். முயல் கடித்த நுனி கத்தியால் அறுத்தாற்போல் இருக்கும். ஆடு மேய்ந்த நுனியும் கிழிந்தே இருக்குமாகையால், குளம்படியையும் பார்த்துத் தெளிக.

அடுத்தது, செடிகளைத் தேர்தல். ஆடாதொடையை ஆடு தொடாமையாலேயே அப்பெயர் வந்தது என்பர். அதன் இலைக் கசப்பும் நொச்சியின் நெடியும் எருக்கின் பாலும் மேயும் விலங்குகளுக்கு ஒவ்வாதவை. மூன்றும் வறட்சியைத் தாங்குவன. ஆடாதொடையும் நொச்சியும் வெட்டிய குச்சியிலிருந்தே வளரும்; கவாத்துச் செய்த தழை வயலுக்கு உரமாகும். இவற்றை வெளிவரிசையாகவும், கீரை, அவரை, தட்டைப்பயறு ஆகியவற்றை வீட்டை ஒட்டியும் வைத்தல் நன்று. எனினும் கடும்பசியில் மான் எதனையும் கடித்துப் பார்க்கும். முழுக் காப்பான செடி என்று ஒன்றில்லை.

ஆகவே வேலியும் வேண்டும். கொங்குநாட்டு மேய்ச்சல் நிலங்களைக் காத்துவரும் முள்கிளுவையே இதற்கு ஏற்றது. கோடை மழையை ஒட்டி, அதன் போத்துகளை ஓரடிக்கு ஒன்றாக இரு வரிசைகளில் நடுக. அவை அடர்ந்து வளரச் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை வெட்டுமுள் அடைக்க வேண்டும். ஆண்மான் கொம்பைத் தேய்த்து இளமரங்களின் பட்டையை உரிக்குமாதலால், அம்மரங்களைச் சுற்றியும் முள் கட்டுக.

சிலர் பொறுமையிழந்து கம்பியில் மின்சாரம் பாய்ச்சுகின்றனர். அக்கம்பி மானையும் மனிதனையும் வேறுபடுத்தி அறியாது. இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் அயலாரின் உயிர், ஏன், நம் மகனின் உயிரே அதில் போகக்கூடும். மேலும், மானைக் கொல்லுதல் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

இறுதியாக ஒன்று. ஒருவர் மட்டும் வேலி வைத்தால் மான் அடுத்தவர் தோட்டத்திற்குத் திரும்பும். தம் துன்பத்தை அயலார்க்குத் தள்ளியதே அவர் கண்ட பயன். காட்டோரத்து நிலத்தார் அனைவரும் ஒரே பருவத்தில் போத்து நட்டு, விலங்குகளின் பழந்தடத்தை மட்டும் திறந்துவிட்டால், எல்லோர் தோட்டமும் பிழைக்கும். கூட்டுறவு என்பது கடன் பெறுவதற்கு மட்டும் உரியதன்று.

சிந்திக்க:
1. உங்கள் நிலத்தின் வழியே மான்தடம் எங்குச் செல்கிறது?
2. போத்து வெட்டித் தரக்கூடிய பழைய கிளுவை வேலி எவரிடம் உள்ளது?
3. உங்கள் வேலியால் யாருக்கேனும் தீங்கு நேருமா?